அம்மாவின் இலைப்பாத்தி

ஏப்ரல் 24, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் வீட்டுத்தோட்டக் கூட்டம் நடந்தது. கோதுமை மா இல்லை, அரிசி இல்லை, டீசல் இல்லை, ஆகவே வீட்டுக்கு வீடு பயிர் செய்யுங்கள் என்று ரேடியோவில் ஒரு மாதமாகச் சொல்கிறார்கள். டவுனிலிருந்து வந்த அதிகாரி இலவசக் காய்கறிக் கன்றுகளுக்குப் படிவம் கொடுத்தார். மூன்றாவது கேள்வி: காணி இலக்கம்.

"லயத்துக்கு ஏதுங்க காணி நம்பர்? காம்பரா நம்பர்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப கண்டு குடுக்க ஏலாது. காணி உள்ளவங்களுக்குத்தான்."

"காணி உள்ளவன் பசியோட இல்லீங்களே."

செபமாலை அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினாலு அறை, அக்கா எங்களுக்கு அடுத்த காம்பரா. வாய் அவளுக்கு என்னைவிடப் பெரிது, ஆனால் அதிகாரி முன்னால் திறக்க மாட்டாள். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது துண்டுப்பிரசுரம் மட்டும். அதுவும் சிங்களத்தில்.

கொழும்பில் நான் வேலை செய்த புடைவைக் கடை மூடி ஆறு வாரம். இந்த நோட்டுக்கூட அந்தக் கடையுடையது. முதல் பத்துப் பக்கம் சேலை எண்கள். இனிமேல் என்னுடையது.

ஏப்ரல் 27, புதன்

கொழும்பில் அறைத் தோழிகளுக்கு விளங்கப்படுத்தி அலுத்த விஷயம் ஒன்று. என் அப்பா தேயிலைத் தோட்டத்துக் காவல்காரர். யாராவது விறகு ஒடித்தால், மாட்டைத் தேயிலை மலையில் விட்டால், கேட்காமல் மண்ணைக் கொத்தினால், கண்டக்டரிடம் சொல்வது அவர் வேலை. கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவர் இல்லை. தோட்ட மேலாளரான தொரைக்குக் கீழே, மலை சுற்றி வேலை பார்க்கிற உத்தியோகத்தர். அவரைக் கண்டதும் அப்பா காக்கித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைப் பார்க்க நேர்ந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சன்னாசி என்பது அவர் பெயர். லயத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "காவக்காரரு வர்றாரு" என்பார்கள், குரலைத் தாழ்த்தி. நானும் இங்கே அப்படியே எழுதப்போகிறேன்.

மே 1, ஞாயிறு

தொழிலாளர் தினம். தலைவர்கள் டவுனில் மேடையில். நாங்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணில்.

லயத்துத் தண்ணீர் ஓடுகிற கானுக்கும் மேல் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சரிவு, கல்லும் மானாப்புல்லுமாகக் கிடந்தது. மூன்று நாள் கொத்தி ஆறு மேட்டுப்பாத்தி போட்டேன். கொடி கொடுத்தது கீழ்க் கிராமத்துச் சுமனா. செபமாலை அக்காவோடு ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள், அந்தப் பழக்கம். ஒரு சாக்கு நிறையக் கொடுத்து, "காணி இல்லாட்டி என்ன, மண் இருக்கே" என்று சிங்களத்தில் சொன்னாளாம்.

வத்தாளங்கிழங்கு. இந்தியா டீவியில் சர்க்கரைவள்ளி என்கிறார்கள். மரவள்ளி நடலாமே என்று கேட்டேன்.

"மரவள்ளி நிமிந்து நிக்கும்டி. இது படந்து கெடக்கும். ரோட்டுல போறவன் கண்ணுக்குப் புல்லு மாதிரிதான்" என்றாள் அக்கா.

லயத்து ஆட்களுக்கு இது தெரிந்த சட்டம். மரம் வைக்கக்கூடாது, வேலி போடக்கூடாது. நிமிர்ந்து நிற்கிற எதுவும் இங்கே கூடாது.

ஒரு முழ நுனிக்கொடி, மூன்று கணு மண்ணுக்குள், தலை வெளியே. நூற்றுப் பதினெட்டுக் கொடி. காவல்காரர் மத்தியானம் வந்து பார்த்தார்.

"கேக்காம வெட்டிட்டீங்க."

"யாரக் கேக்கணும்?"

"தோட்டத்த."

"தோட்டம்னா யாரு? ஆளக் காட்டுங்க, கேக்குறேன்."

சீனி இல்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கண்டக்டரிடம் சொல்வார் என்று நினைத்தேன். இன்னும் சொல்லவில்லை போல.

மே 15, ஞாயிறு

நூற்றுப் பத்துப் பிடித்துவிட்டது. செத்த எட்டுக்குப் பதில் வேறு நட்டேன். அவ்வளவுதான் இன்று. முதுகு முறிகிறது.

ஜூன் 5, ஞாயிறு

அம்மாவின் வேலையைப் பாருங்கள்.

பால்மா டின் ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதில் யூரியா. மலைக்கு உரம் போட்ட காலத்தில் மடியில் கட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நாடு முழுவதும் தேடினாலும் கிடைக்காத சாமான். இன்று காலை நான் குழாயடிக்குப் போன நேரம், ரோட்டோரத்து முதல் பாத்தி முழுவதுக்கும் தூவித் தண்ணீரும் ஊற்றிவிட்டாள்.

"உரம் போடக்கூடாதுன்னு சுமனா சொன்னாங்கதானே? போட்டா எலதான் வருமாம்."

"எல வந்தா என்னா? எல நல்லா இருந்தாத்தானே பயிரு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"இது தேயில இல்லம்மா."

"முப்பத்தோரு வருஷமா எல வளக்குறேன். கடையில சேல மடிச்சவ எனக்குச் சொல்லித் தர்றியா?"

செபமாலை அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தது கேட்டது. லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான்.

மிச்ச ஐந்து பாத்திக்கும் போடாமல் டின்னைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஜூன் 14, செவ்வாய்

காற்று. மழை இல்லை. குழாயடியிலிருந்து நாளைக்கு இருபது வாளி.

அம்மா மலையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு, வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்குப் போனவள். ரொட்டிக்கு மா வந்து ஒன்பது நாள். கங்காணி, "பொழுதுபோகலயா ராமாயி?" என்று கேட்டானாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டெம்பரில் கிழங்கு. இந்த மூன்று மாதத்தைத் தாண்டிவிட வேண்டும்.

ஜூலை 3, ஞாயிறு

அம்மாவின் பாத்தி காடு. கறுத்த பச்சையில் கைப்பெருவிரல் தண்டு, உள்ளங்கையைவிடப் பெரிய இலை. பக்கத்தில் என் ஐந்து பாத்தியும் இரவல் சட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன.

கொழுந்தெடுக்கிற கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறாள். "ஏ ராமாயி, கொழுந்தோட ஸ்டோருக்கு ஏத்தலாமே இத" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரிக்க, அம்மாவின் கை தன்னால் கொடி நுனியில் போய் இரண்டு இலையும் மொட்டும் ஒடிக்கிறது. ஒடித்ததைத் தோளுக்குப் பின்னால் எறியப் பார்க்கிறாள். பின்னால் கூடை இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் கீரைதான். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

சோதித்துப் பார்த்தேன். என் பாத்தியில் ஒரு செடியின் அடியைக் கையால் மெல்லக் கிளறினேன். கட்டைவிரல் தடிமனில் மூன்று, சிவந்த தோல். மண்ணைத் திரும்ப மூடினேன். அம்மாவின் பாத்தியில் ஒரு செடியை முழுதாகவே பிடுங்கினேன். எலிவால். எல்லாம் எலிவால். கிழங்கென்று சொல்ல ஒன்று இல்லை.

அதைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன்.

"பாருங்க. எல. எல. எல. ஒங்க ரத்தத்துலயே எலதான் ஓடுது. மேல பாத்தே பழகிட்டீங்க, மண்ணுக்குள்ள என்னா இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இருபது செடி வீணு. இருபது செடின்னா நம்ம மூணு பேருக்கு எத்தன நாள் சாப்பாடு தெரியுமா?"

அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். காவல்காரர் மூலையில் உட்கார்ந்து அட்டை ஏறிக் கடிக்காமலிருக்கச் சப்பாத்தில் சவர்க்காரம் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அந்த எலிவாலை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"முழுப் பாத்தியும் இப்படித்தானா?"

"ரோட்டோரத்துப் பாத்தி மட்டும்."

தலையை ஆட்டினார். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அம்மா சாப்பிடவில்லை. சாப்பிட அதிகம் இருக்கவும் இல்லை.

ஓகஸ்ட் 7, ஞாயிறு

பாத்தியில் மண் வெடித்திருக்கிறது! இரண்டாவதிலும் நான்காவதிலும் கைநுழைகிற வெடிப்பு. உள்ளே பருக்கிற கிழங்கு மண்ணைத் தள்ளுகிறது. சுமனாவின் புருஷன் சொன்ன அடையாளம் இதுதான். குனிந்து பார்த்தால் சிவப்புத் தோல் தெரிகிறது. மண்ணுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் ஒன்று பெருத்துக்கொண்டிருக்கிறது. அதை நட்டது நான்.

கொழும்பில் ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் சேலை விற்றேன். ஒன்றைக்கூட 'நான் செய்தது' என்று சொல்ல முடியாது.

ஓகஸ்ட் 10, புதன்

வெடிப்பையெல்லாம் யாரோ மண் அணைத்து மூடித் தட்டியிருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டேன், இல்லை என்கிறாள். செபமாலை அக்காவும் இல்லை என்கிறாள்.

காவல்காரர் தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நிற்கிறார். எண்ணிப் பார்க்கிறார் போல, போய்ச் சொல்வதற்கு.

ஓகஸ்ட் 22, திங்கள்

பிடிபட்டோம்.

கண்டக்டருக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக மேல் ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். அம்மாவின் பாத்திக் கொடி ரோட்டுக் கானைத் தாண்டி ரோட்டிலேயே படர்ந்திருந்தது. காலில் மாட்டிக்கொண்டது.

"சன்னாசி!"

காவல்காரர் ஓடினார். தொப்பி கக்கத்துக்குப் போய்விட்டது.

"என்னா இது? ஒன் லயத்துக்குப் பின்னால காடு வளருது, நீ காவல் காக்குறியா, வெவசாயம் பாக்குறியா?"

"எலக்கறி கொஞ்சம்ங்க ஐயா..."

"எலக்கறியோ மரக்கறியோ, கம்பனி காணி. சனிக்கிழம வெட்டணும். நானே வந்து நின்னு பாப்பேன்."

நான் மேலே ஏறிப் போனேன். "நாடே பயிர் செய்யச் சொல்லுதுங்களே ஐயா?"

என்னை அவர் பார்க்கவே இல்லை. காவல்காரரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "நாடு சொல்லும். காணி குடுத்துச்சா? ஒன் மகள வாய அடக்கச் சொல்லு."

அவர் போன பிறகுதான் தொப்பி தலைக்குத் திரும்பியது.

"சரிங்கன்னு சொல்லிட்டீங்க" என்றேன்.

"வேற என்னா சொல்ல?"

"இல்லீங்கன்னு ஒரு சொல்லு இருக்கு தமிழ்ல."

ஓகஸ்ட் 25, வியாழன்

இன்றே தோண்டிவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன். "இன்னும் ரெண்டு வாரமாவது கெடக்கணும். இப்ப எடுத்தா பாதிதான். அதோட தோண்டுறத அந்த ஆளு பாத்தா, தோண்டினதையும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிருவான்" என்றாள். போன வருடம் ஒரு வீட்டுப் பூசணிக்காய் எல்லாம் அப்படித்தான் போனது.

அம்மா மூன்று நாளாகப் பாத்திப் பக்கம் வரவில்லை. "என்னால வந்ததுதானே" என்று ஒரு தரம் சொன்னாள். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 27, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குக் கண்டக்டர் மேல் ரோட்டில் குடையோடு நின்றார். வெட்டுவதற்குக் காவல்காரரும் இன்னும் இரண்டு பேரும். லயமே வெளியே வந்து நின்றது. பாத்திக்கு நடுவில் போய் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி" என்றார் காவல்காரர்.

"என்னையும் சேத்து வெட்டுங்க."

"எந்திரி புள்ள." சத்தம் போடவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி, கான் ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். பிறகு கீழ்ப் பாத்தியிலிருந்து வெட்டத் தொடங்கினார். மண்ணுக்கு ஒரு சாண் மேலே, ஒரே வீச்சு. கத்தி ஒரு தடவைகூட மண்ணில் படவில்லை. வெட்டிய கொடியைக் கூட்டிக் கட்டு கட்டாக ரோட்டுக்கு ஏற்றினார்கள். கண்டக்டர் வீட்டு மாட்டுக்கு.

நாலு மாத வேலை, முக்கால் மணித்தியாலத்தில் மொட்டை.

கண்டக்டர் போகவில்லை. "அடியையும் புடுங்கு" என்றார்.

"புடுங்கினா மண்ணு சரிஞ்சி ரோட்டுக் கானு அடைச்சிரும்ங்க. தொரை ஜீப்பு வர்ற ரோடு."

கண்டக்டர் யோசித்தார். "உள்ள கெழங்கு ஏதாச்சும் கெடக்கா?"

காவல்காரர் அப்போது கீழே ஐந்தாவது பாத்தியில் நின்றுகொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். நான்காவதைத் தாண்டினார், மூன்றாவதைத் தாண்டினார், இரண்டாவதையும் தாண்டி ஏறிப் போனார். ரோட்டோரத்துப் பாத்தியில் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கண்டக்டர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எலிவால்.

"பாத்துக்கங்க ஐயா. வெறும் எல."

கண்டக்டர் சிரித்தார். "இதுக்குத்தானா இந்தப் பாடு? கொழுந்து புடுங்குற கைக்கு எலதான் வரும்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 28, ஞாயிறு

காவல்காரரோடு பேசவில்லை.

காலையில் இரண்டாவது பாத்தியில் கையை விட்டுப் பார்த்தேன். இருக்கிறது. என் முழங்கையளவு ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. கொடியை வெட்டிப் பத்துப் பதினைந்து நாள் விட்டுத்தான் கிராமத்திலும் தோண்டுவார்களாம், தோல் இறுகுமாம். செபமாலை அக்கா சொன்னாள்.

"ஒங்கப்பா எந்தப் பாத்தியப் புடுங்கினாருன்னு பாத்தியா?" என்று கேட்டாள்.

கிட்ட இருந்ததைப் பிடுங்கியிருப்பார் என்றேன்.

அவர் நின்றது ஐந்தாவதில். அதை நேற்று நானே எழுதியிருக்கிறேன்.

செப்டெம்பர் 4, ஞாயிறு

காவல்காரருக்கு அட்டை கடித்த புண்ணில் சீழ். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். "சூடு" என்றார். "ஆறட்டும்" என்றேன். ஒரு வாரத்தில் பேசியது இவ்வளவு.

செப்டெம்பர் 11, ஞாயிறு

தோண்டினோம். பட்டப்பகலில், பத்து மணிக்கு. விடியற்காலையில் ஒளித்துத் தோண்டலாம் என்று செபமாலை அக்கா சொன்னாள். முடியாது என்றேன். நான் எதையும் திருடவில்லை.

மண் கிளறுகிற முள்ளுக்கரண்டியைத் தூரக் குத்தி மெல்லப் புரட்ட வேண்டும், கிழங்கில் பட்டால் அழுகிவிடும். முதல் செடியில் நாலு. அடுத்ததில் ஆறு. சிவப்புச் சிவப்பாக, பிறந்த பிள்ளை மாதிரி, மண் ஒட்டிக்கொண்டு. மூன்றாவது பாத்தி முடிவதற்குள் லயத்தில் இருந்த எல்லோர் கையும் மண்ணுக்குள் இருந்தது. "ஐயோ இங்க ஒண்ணு" "ஏ, அத விடு, அது எம்மாம் பெருசு" என்று சந்தைக்கடைச் சத்தம்.

மூன்று கொழுந்துச் சாக்கு நிரம்பியது. அம்மா கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து ஒரு சாக்கைத் தூக்கினாள். நான் பிடிக்கப் போனேன்.

"விடு. முப்பத்தோரு வருஷம் கொழுந்த ஸ்டோருக்குத் தூக்கினேன். இது எங் காம்பராவுக்குத் தூக்குறேன்."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சாக்கைத் தட்டிக் கொடுத்தாள். நிறுத்துக் குறைக்க அங்கே தராசும் இல்லை, ஆளும் இல்லை.

பெரிய அண்டாவில் அவித்தோம். பதினாலு வீட்டுக்கும். வாசனை ரோடு வரைக்கும் போயிருக்க வேண்டும். கண்டக்டர் வந்தார், நடந்துதான். அவருக்கும் மா இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி கிராமத்தில் கிழங்கு தேடியதைச் சுமனா சொல்லியிருந்தாள்.

வாசலில் மண்ணோடு குவிந்து கிடந்ததைப் பார்த்தார். மொட்டைப் பாத்தியைப் பார்த்தார்.

"இது எங்க வெளஞ்சது?"

கிராமத்தில் வாங்கியது என்று ஒரு சொல் போதும். அக்கா அதைச் சொல்ல வாயைத் திறந்ததையும் பார்த்தேன். அதற்குள் அப்பா எழுந்து நின்றார். கையில் பாதி தின்ற கிழங்கு. தலையில் தொப்பி.

"எங்க வீட்டுத் தோட்டத்துலங்க."

"எதுல?"

"எங்க வீட்டுத் தோட்டத்துல. நீங்க நின்னு வெட்ட வச்சீங்களே, அதுலதான். எம் மக போட்டது."

தொப்பி தலையிலேயே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் முகம் கிழங்குத் தோல் மாதிரி ஆனது. திரும்பி நடந்தார். "ஐயா, நில்லுங்க" என்று அம்மா கூப்பிட்டாள். தட்டில் நாலு கிழங்கு வைத்து நீட்டினாள். அவர் வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். பசி பசிதான், ரோட்டுக்கு மேலேயும் கீழேயும்.

"எலக்கறி வேணும்னாலும் இருக்குங்க" என்றாள் அம்மா. பணிவாகத்தான் சொன்னாள். லயமே சிரிப்பில் வெடித்துவிட்டது.

செப்டெம்பர் 14, புதன்

ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கிழங்கைத் தின்றாலும் கடிதம் கடிதம்தான். கம்பனிக் காணியில் பயிர் செய்ததற்கும் உண்மையை மறைத்ததற்கும் விளக்கம் சொல்ல, காவல்காரர் சன்னாசி திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வரவேண்டுமாம். வேலை போகலாம். காம்பராவும் வேலையோடு சேர்ந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பயமா இருக்கா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"இருக்கு."

கொஞ்சம் கழித்து, "வெடிப்ப நான்தான் மூடினேன். ரோட்டுலருந்து தெரிஞ்சிச்சி" என்றார்.

"தெரியும்" என்றேன். பொய். இந்த நோட்டுக்குத் தெரியும்.

செப்டெம்பர் 18, ஞாயிறு

வெட்டிய அடிகளில் வேகமாகத் திரும்பத் துளிர்த்தது அம்மாவின் பாத்திதான். முழம் முழமாக நுனிக்கொடி. பதினாலு வீட்டுக்கும் நடுவதற்குக் கொடி வேண்டும், அத்தனையும் அந்த ஒரு பாத்தி கொடுத்தது. காலையிலிருந்து லயமே குனிந்திருக்கிறது. கான் ஓரம் முழுவதும் பாத்தி. அம்மாதான் கொடி ஒடித்துக் கொடுக்கிறாள். விரல் ஓடுகிற வேகத்தை யாரும் பிடிக்க முடியாது.

"எல வேணுமா வேணாமா இப்ப? சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து.

"வேணும்மா."

"சத்தமா."

"வேணும்!"

நாளைக்கு ஆபீசுக்கு அப்பா தனியாகப் போகவில்லை. நான் போகிறேன், அம்மா போகிறாள், செபமாலை அக்கா வாயைத் திறந்துகொண்டு வருகிறாள், பதினாலு வீட்டிலும் வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறது. பிரட்டுக்கு யாரும் இல்லை. காணி இலக்கம் எழுதாமல் விட்ட அந்தப் படிவத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா தொப்பியைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். நாளைக்குப் போட்டுக்கொண்டு உள்ளே போவதற்கு.